அறுபதுக்கு எத்தனை

கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் இஸ்திரிப் பெட்டியை அவர் மூன்று நிமிடமாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். வாங்கப் போவதில்லை. வீட்டில் ஒன்று இருக்கிறது. கடைக்குள் உட்கார்ந்திருக்கும் விற்பனைப் பெண்ணுக்கும் இவரைத் தெரியும், அதனால் அவள் எழுந்து வருவதில்லை. வலது கெண்டைக்காலில் பிடித்த வலி விடுகிறவரை அவர் நிற்பார். விட்டதும் நடப்பார். இருநூறு அடி போனதும் மறுபடி பிடிக்கும். அப்போது எந்தக் கடை வாசலில் இருக்கிறாரோ அந்தக் கடையின் சரக்கைப் பார்த்துக்கொண்டு நிற்பார். போன வாரம் அப்படித்தான் பெண்கள் கைப்பை விற்கும் கடை வாசலில் மாட்டிக்கொண்டார். அதையும் அசராமல் பார்த்தார்.

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு விலை எடுக்கும் வேலை. மாதத்தில் ஆறு நாட்கள், குறிப்பிட்ட நாற்பது கடைகளுக்கு நடந்தே போய், சோப்பிலிருந்து செருப்பு வரை என்ன விலைக்கு விற்கிறது என்று கேட்டுப் படிவத்தில் எழுதிக்கொண்டு வர வேண்டும். அந்த எண்களைக் கூட்டிக் கழித்துத்தான் விலைவாசி இத்தனை சதவீதம் ஏறியது என்று செய்தியில் சொல்கிறார்கள். கூட்டிக் கழிக்கிறவர்களுக்கு நாற்காலியும் மின்விசிறியும் உண்டு. எழுதிக்கொண்டு வருகிறவருக்கு வெயில்தான். கடைத்தெருவில் எல்லோரும் அவரை விலைக்காரர் என்கிறார்கள், அலுவலகத்திலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

நாற்காலியில் உட்கார்ந்து அவர் படிவங்களைச் சரிபார்க்கிறவள் நான். வயதில் பதினைந்து வருடம் இளையவள், பதவியில் ஒரு படி மேல். அதனால் அலுவலகத்துக்குள் என்னை "மேடம்" என்பார். வாசற்படியைத் தாண்டிவிட்டால் "ஏம்மா"தான். எனக்கும் இரண்டாவதுதான் பிடிக்கும்.

தொழில் புத்தி அவரை எங்கும் விடுவதில்லை. கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன் நாற்காலிக்கு என்ன வாடகை என்று விசாரிப்பார். ஆஸ்பத்திரியில் படுத்திருந்த சிநேகிதரைப் பார்க்கப் போனவர், மேசை மேல் இருந்த ஆரஞ்சு கிலோ என்ன விலை என்று கேட்டு, பதிலைக் கேட்டதும் நோயாளியைவிட அதிகமாகச் சோர்ந்துபோனார். ஆனால் பேரம் மட்டும் பேசமாட்டார். விலையைக் கேட்பதுதான் தன் வேலை, மாற்றுவது இல்லை என்பது அவர் கட்சி. அவர் வீட்டம்மா தையல் கடை வைத்திருக்கிறார். துணி எடுக்க இவரைக் கூட்டிக்கொண்டு போவதை அவர் எப்போதோ நிறுத்திவிட்டார். "கடைக்காரன் வாயத் திறக்கிறதுக்கு முன்னாடி இவரே விலையச் சொல்லிடுறாரு. அப்புறம் நான் எதக் குறைச்சுக் கேக்குறது?" என்று என்னிடம் ஒருநாள் அலுத்துக்கொண்டார்.

சட்டைப் பையில் தினமும் காலையில் தனியாக அறுபது ரூபாய் எடுத்து வைத்துக்கொள்வார். அது சிகரெட்டுக்கு. அதற்கு மேல் ஒரு காசு கிடையாது. இருபது வருடங்களுக்கு முன், மகள் பிறந்த வாரத்தில், மனைவிக்குச் செய்து கொடுத்த சத்தியம் அது. அன்றைக்கு அறுபதுக்குப் பன்னிரண்டு சிகரெட் வந்தது. அவர் அன்று பிடித்துக்கொண்டிருந்ததும் பன்னிரண்டுதான் என்பதால், சத்தியத்தில் பெரிய தியாகம் ஒன்றும் இருக்கவில்லை. இதை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார்.

ஆனால் வரி சும்மா இருக்கவில்லை. ஒன்று ஆறுக்கு விற்றபோது பத்தாகக் குறைந்தது. பத்துக்கு விற்றபோது ஆறு. பன்னிரண்டுக்கு ஏறியபோது ஐந்து. பதினைந்துக்கு நான்கு. ஒவ்வொரு முறையும் முதல் வாரம் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுவார், படிவத்தில் அடித்துத் திருத்தல் அதிகமாக இருக்கும். இரண்டாவது வாரம் சரியாகிவிடுவார். தானாக ஒன்றைக்கூட அவர் குறைத்ததில்லை. டாக்டர் சொல்லிப் பார்த்தார், மகள் பேசாமல் இருந்து பார்த்தாள், எதுவும் பலிக்கவில்லை. "நான் அழுதப்ப ஒண்ணு குறையல. நிதியமைச்சர் ஒரு வரி படிச்சா ரெண்டு குறையுது. அந்த ஆளைத்தான் கட்டியிருக்கணும் இவரு" என்பது வீட்டம்மாவின் தீர்ப்பு.

வரவுசெலவுத் திட்டம் வாசிக்கும் நாளில் எங்கள் அலுவலகத்துப் புகைப்பிரியர்கள் எல்லாம் வானொலியைச் சுற்றி நின்று, வரி ஏறக்கூடாது என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருப்பார்கள். இவர் மட்டும் ஏறிவிட்டது என்றதும் "ஏத்தட்டும்" என்று சொல்லிவிட்டு, யாருக்கும் முகம் காட்டாமல் தண்ணீர் குடிக்கப் போவார்.

எனக்கும் அவருக்கும் இதில் ஓயாத சண்டை ஒன்று உண்டு. எங்கள் இயக்குநர் காருக்குள் உட்கார்ந்து நாளைக்கு இரண்டு பாக்கெட் ஊதுகிறவர். பாக்கெட் என்ன விலை என்றே அவருக்குத் தெரியாது, டிரைவர்தான் வாங்கிக்கொடுக்கிறார். வரி அவரைச் சுரண்டிக்கூடப் பார்ப்பதில்லை, உங்களைத்தான் போட்டுக் கடிக்கிறது, இது என்ன நியாயம் என்று நான் கேட்பேன். அதற்கு அவர், "கடிக்கட்டும்மா. கடிச்சாத்தானே கையை எடுப்போம்" என்பார். நான் விடமாட்டேன். அவரும் விடமாட்டார். தெருவில் தான் கண்டதை எடுத்துச் சொல்வார். வங்கி வாசல் காவலாளி பாக்கெட்டிலிருந்து சில்லறைக்கு இறங்கிவிட்டதையும், பட்டறை ஆட்கள் ஒன்றைப் பற்றவைத்து இரண்டு பேராகப் பிடிப்பதையும், கல்லூரிப் பையன்கள் சந்து முனையில் இப்போது வெறும் வாயோடு அரட்டை அடிப்பதையும் ஒன்றுவிடாமல் கவனித்து வைத்திருப்பார். புதிதாக ஆரம்பிக்கிறவன் குறைந்துவிட்டான், அதை எழுதப் படிவத்தில் ஒரு கட்டம் இல்லையே என்று வருத்தப்படுவார்.

கால் விஷயத்துக்கு வருகிறேன். காலுக்குப் போகும் ரத்தக்குழாய் புகையால் சுருங்கிவிட்டது என்று டாக்டர் சொல்லி ஒரு வருடம் ஆகிறது. நடந்தால் பிடிக்கும், நின்றால் விடும். நடப்பதையே பிழைப்பாக வைத்திருக்கிற மனிதனுக்கு இது வந்தது. போன கோடையில் புதுச் செருப்பு கடித்து, வலது காலின் சுண்டுவிரலில் ஒரு சின்னப் புண். சாதாரணமாக நாலு நாளில் ஆறியிருக்க வேண்டியது, மாதக்கணக்கில் ஆறவில்லை. ஓரம் கறுத்துக்கொண்டு வந்தது. புகையை அடியோடு விட்டால் ஆறலாம், விடாவிட்டால் விரலை எடுக்க வேண்டியிருக்கும், விரலோடு நிற்கும் என்று தன்னால் சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அடுத்த பரிசோதனைக்கு ஐந்து மாதம் இருந்தது. இதையெல்லாம் வீட்டம்மா என்னிடம் சொன்னார். விலைக்காரர் சொன்னது, "நாலுதானே மேடம். அடுத்த வரிக்கு மூணாயிடும்" என்பது மட்டும்தான்.

அந்த வரி வந்தது. ஒரேயடியாக விலை மூன்றில் ஒரு பங்கு ஏறியது. எல்லாக் கடையிலும் பாக்கெட் விலை ஏறியதை அவரே எழுதிக்கொண்டு வந்தார். ஆனால் படிவத்தில் 'சிகரெட், சில்லறை, ஒன்று' என்று தனியாக ஒரு வரிசை இருக்கிறது. எங்கள் நாற்பது கடைகளில் பாக்கெட்டைப் பிரித்து ஒன்றிரண்டாக விற்பது பேருந்து நிலையத்துச் சந்தில் இருக்கும் பெட்டிக்கடை மட்டும்தான். ஊர் முழுவதற்கும் சில்லறை சிகரெட்டின் விலை என்று நாங்கள் அனுப்புவது அந்த ஒரு கடையின் விலை. அதில் பதினைந்து என்றே இருந்தது. அடுத்த மாதமும் பதினைந்து. மூன்றாவது மாதமும் பதினைந்து. பாக்கெட் ஏறியிருக்கும்போது சில்லறை எப்படி ஏறாமல் இருக்கும் என்று தலைமை அலுவலகம் காரசாரமாகக் கேட்டு எழுதியது.

எங்கள் தொழிலில் பெரிய குற்றம் ஒன்று உண்டு. கடைக்குப் போகாமல், போன மாதப் படிவத்தைப் பார்த்து இந்த மாதத்தை எழுதுவது. உட்கார்ந்து எழுதுவது என்போம். அவர் காலை நினைத்ததும் எனக்கு அந்தச் சந்தேகம்தான் வந்தது. பாவம், நடக்க முடியாமல் எழுதிவிட்டார் என்று நினைத்தேன். பாவம் என்று நினைத்துக்கொண்டே, அவரைக் கையும் களவுமாகப் பிடிக்கவும் கிளம்பினேன். என் புத்தி அப்படி. நான்காவது மாதம், விலை எடுக்கும் நாளில், நானும் கூட வருகிறேன் என்றேன். அவர் குடையை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

பத்து நிமிடத்தில் போகிற தூரத்துக்கு அரைமணி நேரம் ஆனது. இஸ்திரிப் பெட்டி, செருப்பு, கடிகாரம் என்று எல்லாவற்றையும் பார்த்து நின்றோம். வழியில் இருந்த ஒவ்வொரு கடைக்காரரும் அவரிடம் போன மாதம் சொன்ன விலையை நினைவூட்டி, இந்த மாத விலையைச் சொன்னார்கள். அவர் எந்தக் கடையையும் விட்டதில்லை என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. சந்து முனைக்கு வந்தபோது அவருக்கு மறுபடி கால் பிடித்துக்கொண்டது. "நீ முன்னால போம்மா, நான் வந்துடுறேன்" என்றார். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. தெரியாத வாடிக்கையாளரைப் போலப் போய் வாங்கிப் பார்ப்பதுதான் சரிபார்க்கிறவளின் முறை.

கடைக்கார அக்காவுக்கு நாற்பது வயது இருக்கும். ஒரு அலமாரியைத் திறந்து வைத்து அதற்குள் உட்கார்ந்துகொண்டது போல இருக்கும் கடை, கையை நீட்டினால் எல்லாச் சரக்கும் எட்டும். ஒரு சிகரெட் கொடுங்கள் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். கழுத்தில் தொங்கிய அலுவலக அடையாள அட்டையை அவசரமாகப் பைக்குள் தள்ளினேன். அதனால் இன்னும் சந்தேகமாகப் பார்த்தார். "யாருக்கும்மா?" என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். என் வாழ்க்கையில் நான் வாங்கிய முதல் சிகரெட் அது. இருபது என்று சொல்லி, இருபதை வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார்.

அதற்குள் அவர் வந்துவிட்டார். வந்தவர் வாயைத் திறக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து அறுபதை எடுத்துப் பலகை மேல் வைத்தார். அக்காவும் வாயைத் திறக்கவில்லை. பாக்கெட்டிலிருந்து நான்கை உருவி அவர் பக்கம் வைத்தார். இரண்டு பேரும் என்னைப் பார்க்கவில்லை.

நான் யார் என்பதைச் சொன்னேன். அக்கா முதலில் பயந்துபோனார், கடையை மூட வந்தவள் என்று நினைத்திருப்பார் போல. பிறகு விஷயத்தைச் சொன்னார். பதினைந்து வருடமாகத் தினமும் வருகிறவர். மொத்த வியாபாரி பிஸ்கட்டுக்குத் தன்னிடம் கூடுதலாகப் பிடுங்குகிறான் என்று முதன்முதலில் கண்டுபிடித்துச் சொன்னதே அவர்தானாம். விலை ஏறிய அன்று காலில் வலியோடு வந்து நின்றவரைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. "எனக்கே ஒண்ணு பதினெட்டு விழுது. போகட்டும், அண்ணனுக்கு மட்டும் பழைய விலைன்னு விட்டுட்டேன். இருக்கிற நாலுலயும் ஒண்ணப் பிடுங்கணுமா?" என்றார்.

ஊர் முழுவதற்கும் சில்லறை சிகரெட்டின் விலையாக மூன்று மாதமாக நாங்கள் அனுப்பியது ஒரு பெண்ணின் இரக்கத்தை. எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால் அவர் முகத்தில் ஆச்சரியம் இல்லை. ஆரஞ்சு விலை ஏறினால் முகம் வாடுகிற மனிதர், அந்த நான்கையும் பார்த்துக்கொண்டு அமைதியாக நின்றார்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும்" என்றார். "அறுபதுக்கு மூணு வரணும். நாலு வருது. எண்ணத் தெரியாதவனா நான்?" பிறகு, "குடுத்த விலையத்தானே எழுதணும். குடுத்தது பதினஞ்சு. படிவத்துல பொய் இல்ல மேடம்" என்றார்.

தெருவில் அவர் என்னை மேடம் என்றது அதுதான் முதல் தடவை. எனக்குக் கோபம் தாங்கவில்லை. படிவத்துக்காக இல்லை. வரி தன்னை நிறுத்திவிடும் என்று இருபது வருடமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர், அது கடைசியில் கையைப் பிடிக்க வந்தபோது மட்டும் நழுவியிருக்கிறார். அந்தப் புண்ணும் இந்த மூன்று மாதமும் ஆறாமலே கிடக்கிறது. அவரிடம் சொல்லிப் பயன் இல்லை என்று அக்காவிடம் திரும்பினேன். சுண்டுவிரலைச் சொன்னேன், டாக்டர் சொன்னதைச் சொன்னேன், இன்னும் ஒரு மாதம்தான் தவணை என்றும் சொன்னேன். நடுத்தெருவில் ஒரு கையில் குடையும் மறு கையில் சிகரெட்டுமாக நின்று அழுகிறேனே என்ற வெட்கமும் கூடவே இருந்தது.

அக்கா எட்டிப் பார்த்தார். பலகைக்குக் கீழே, செருப்புக்குள் துணி சுற்றிய அந்த விரல் தெரிந்தது. அதுவரை அவர் அதைப் பார்த்ததில்லை, உட்கார்ந்த இடத்திலிருந்து வாடிக்கையாளரின் கால் தெரியாது.

விலைக்காரர் ஒரு சிகரெட்டை மட்டும் அக்கா பக்கம் தள்ளினார். "மூணு போதும். இருபதுன்னே வச்சுக்கங்க" என்றார். நியாயமாகத்தான் சொன்னார்.

அக்கா அந்த ஒன்றை எடுத்துப் பாக்கெட்டில் போட்டார். பிறகு அவர் முன்னால் இருந்த மூன்றையும் எடுத்துப் போட்டார்.

"உங்களுக்கு இனிமே ஒண்ணு அறுபத்தஞ்சு" என்றார்.

அவர் நிமிர்ந்தார். காலைவிட அது அதிகமாக வலித்திருக்கும். வாழ்க்கையில் பேரமே பேசாதவர் பேச ஆரம்பித்தார். ஒரே கடை, ஒரே சரக்கு, ஒரே நாள், ஆளுக்கு ஒரு விலையா, இது எந்த ஊர் வழக்கம், இப்படி விற்றால் நான் எதை எழுதுவது என்றெல்லாம் கேட்டார். குரல் உயரவில்லை, ஆனால் விரல் படிவத்தின் மேல் தட்டிக்கொண்டே இருந்தது. அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"மூணு மாசமா ரெண்டு விலைக்குத்தானே வித்தேன்" என்றார். "அப்ப நீங்க கேக்கலையே அண்ணே."

அக்கா பாக்கெட்டை முழங்கைக்குக் கீழே வைத்துக்கொண்டு, வெள்ளைத்தாளில் யாருக்கோ சர்க்கரை மடிக்க ஆரம்பித்தார். மடிப்பு சரியாக வராமல் பிரித்து மறுபடி மடித்தார். தினமும் வருகிற ஒரு மனிதரை அந்த விலையைச் சொல்லி இனி வராதபடி அனுப்பிவிடுகிறோம் என்பது அவருக்கும் தெரிந்துதான் இருந்தது.

விலைக்காரரின் வலது கை கால்சட்டைப் பைக்குள் போனது. வீட்டுச் செலவுக்கான பணம் அங்கேதான் இருக்கும். ஐந்து போதும். இருபது வருடத்தில் அறுபதோடு ஒரு ஐந்தைச் சேர்த்து வைக்க வேண்டிய அவசியம் அவருக்கு வந்ததில்லை. துணிக்குள் விரல்கள் அசைவது எனக்குத் தெரிந்தது. ஒரு நாணயத்தைத் தொட்டு விட்டது போலவும், மறுபடி தேடுவது போலவும் இருந்தது. நான் வேறு பக்கம் பார்க்க நினைத்தேன், முடியவில்லை.

கை வெளியே வந்தபோது வெறுமையாக இருந்தது. பலகை மேல் கிடந்த அறுபதை அந்தக் கையால் எடுத்து, இரண்டாக மடித்து, சட்டைப் பையில் வைத்து, பையின் பொத்தானைப் போட்டார்.